மோட்டாரை மாற்றுவதற்கு முன் சிஜியைப் பார்த்திருக்க வேண்டும்

என் முதல் எலக்ட்ரிக் ஆர்சி விமானம் (ரேடியோவால் தரையிலிருந்து ஓட்டும் மாதிரி விமானம்) வாங்கி நான்கு மாதம் கழித்துத்தான் ஒழுங்காகப் பறந்தது. முதல் நாளைத் தவிர, அதுவரை ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி, பத்து நொடி காற்றில் நிற்கும், அப்புறம் விழும். நான் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒட்டுவேன், ஏதாவது புதிதாக வாங்கிப் பொருத்துவேன், அடுத்த வாரம் மறுபடி விழும். விமானம் வந்த பெட்டியின் விலையை 100 என்று வைத்தால், அதற்கு மேல் நான் செலவழித்தது இன்னொரு 150. அதில் உண்மையில் தேவைப்பட்டது 20 கூட இருக்காது. பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. சேர்ந்து பறக்கவிடும் குழு எதுவும் எனக்குத் தெரியாது. யாராவது ஒருவர் என் விமானத்தைக் கையில் வாங்கிப் பார்த்து, "மோட்டாரைத் தொடாதே, முதலில் இதைச் சரி செய்" என்று சொல்லியிருந்தால் அந்த நான்கு மாதமும் மிச்சமாகியிருக்கும். அதை இப்போது நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

விமானம் சாதாரணமானது. மேல் இறக்கை வைத்த ஃபோம் டிரெய்னர், அதாவது கற்றுக்கொள்பவர்களுக்கான விமானம். மூன்று சேனல்: மோட்டார் வேகத்துக்கு த்ராட்டில், மூக்கை மேலும் கீழும் ஆட்ட வாலில் எலிவேட்டர், பக்கவாட்டில் திருப்ப ரடர். இறக்கை நீளம் 96 சென்டிமீட்டர், அகலம் 16. மூக்கில் கியர் வைத்த சிறிய பிரஷ் மோட்டார், அதில் 10 அங்குல ப்ரொப்பெல்லர். இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), 7.4 வோல்ட், 1000 எம்ஏஎச். பேட்டரியோடு எடை 430 கிராம். கையேட்டில், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டரில் சிஜி இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. சிஜி என்றால் ஈர்ப்பு மையம், விமானத்தை விரல் நுனியில் தாங்கினால் சாயாமல் நிற்கும் இடம். அந்த வரியைப் படித்தேன், சரி என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். கம்பெனி செய்து அனுப்பியது, எல்லாம் சரியாகத்தானே இருக்கும் என்ற நினைப்பு.

முதல் நாள் உண்மையிலேயே சுமாராகப் பறந்தது. இரண்டு சுற்று போனது. இறக்கும்போது தவறு என்னுடையது, வேகம் குறைவதற்குள் எலிவேட்டரை இழுத்துவிட்டேன். வால் தரையில் அடித்து, உடலும் வாலும் சேரும் இடத்தில் பிளந்துகொண்டது. வீட்டுக்கு வந்து ஹாட் க்ளூவைத் தாராளமாக ஊற்றி, மேலே டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டினேன். இனி இந்த இடம் உடையவே உடையாது என்று எனக்கு அவ்வளவு திருப்தி. அடுத்து வந்த எல்லாத் துன்பத்துக்கும் வேர் அந்த ஒட்டுதான். அது தெரிய எனக்கு மூன்று மாதம் ஆனது.

அடுத்த ஞாயிறு, தம்பியை விமானத்தை எறியச் சொல்லிவிட்டு நான் டிரான்ஸ்மிட்டரோடு நின்றேன். அவன் அதைத் தூக்கிப் பிடித்தவுடனே, "அண்ணா, வால் பக்கம் கீழ இழுக்குதே" என்றான். "அது அப்படித்தான் இருக்கும், நீ எறி" என்றேன். எறிந்தான். மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது, ஏறிய இடத்திலேயே ஒரு கணம் நின்றது, இடது இறக்கை சரிந்து நேராகத் தரைக்கு வந்தது. இன்னொரு முறை, அதே கதை. எலிவேட்டரைக் கீழே டிரிம் செய்து, அதாவது அதன் நடுநிலையையே டிரான்ஸ்மிட்டரில் கொஞ்சம் கீழே நகர்த்திப் பார்த்தேன். த்ராட்டில் கொடுக்கும்போது ஓரளவு நேராகப் போனது, த்ராட்டிலைக் குறைத்த உடனே மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கியது. மேலே ஏறுகிறது, ஏறிய இடத்தில் நிற்கிறது, விழுகிறது. அதைப் பார்த்த என் மூளைக்குத் தோன்றிய ஒரே விளக்கம்: இதற்குச் சக்தி போதவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காற்றில் ஏறி நின்று விழும் விமானத்தைப் பார்த்தால் புதிதாக வருகிற யாருக்கும் மோட்டார் மேல்தான் சந்தேகம் வரும். ஆனால் டிரெய்னர் விமானம் எறிந்த உடனே மூக்கைத் தூக்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சிஜி. வால் கனமாக இருந்தால் விமானம் தானாக நிமிர்ந்துகொள்ளும் குணத்தை இழந்துவிடும். மூக்கு கொஞ்சம் உயர்ந்தால் இன்னும் உயரும், கொஞ்சம் தாழ்ந்தால் இன்னும் தாழும். எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் அந்தக் குணம் மாறாது. மூக்கு கனமான விமானம் சோம்பலாகப் பறக்கும், வேகமாகத் தரையிறங்கும், ஆனாலும் பறக்கும். வால் கனமான விமானம் நம் கைக்கு அடங்காது.

பின்னால் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது, என் ஒட்டு வேலையின் எடை 18 கிராம். 18 கிராம் என்ன பெரிய எடை என்று தோன்றும். ஆனால் அது சிஜியிலிருந்து 45 சென்டிமீட்டர் பின்னால் இருக்கிறது. 18 பெருக்கல் 45, 810. மொத்த எடை 448 கிராமால் வகுத்தால் 1.8 சென்டிமீட்டர். அதாவது 5 சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய சிஜி 6.8க்குப் போய்விட்டது. இறக்கை அகலத்தில் 31 சதவீதத்தில் இருந்தது 42க்கு நகர்ந்துவிட்டது. பொதுவாக இப்படிப்பட்ட விமானங்களுக்கு 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. இதை மூக்கில் எடை வைத்துச் சரிக்கட்ட வேண்டும் என்றால், பேட்டரி சிஜியிலிருந்து 12 சென்டிமீட்டர்தான் முன்னால் இருக்கிறது, ஆகவே வாலில் ஏறிய ஒவ்வொரு கிராமுக்கும் அங்கே கிட்டத்தட்ட 4 கிராம் வேண்டும். வாலை ஒட்டும்போது ஒரு துளி பசையையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். மெல்லிய எப்பாக்சி ஒரு பூச்சு, பக்கத்துக்கு ஒரு மெல்லிய கார்பன் பட்டை, அதுவே போதும். ஹாட் க்ளூவை வாலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. சக்தி போதவில்லை என்று முடிவு செய்து 1400 கேவி பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்று, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 20 ஆம்பியர் ஈஎஸ்சி ஒன்று, மூன்று செல் 1300 எம்ஏஎச் பேட்டரி ஒன்று வாங்கினேன். கேவி என்றால் பளு இல்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பது. 1400 கேவி மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால் கணக்குக்கு நிமிடத்துக்கு 15,540 சுற்று. ப்ரொப்பெல்லர் மாட்டினால் அது குறையும். மோட்டாரோடு வந்த அட்டவணையில் மூன்று செல்லுக்கு 8×4 ப்ரொப்பெல்லர் என்று இருந்தது. முதல் எண் விட்டம், இரண்டாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம், இரண்டும் அங்குலத்தில். எனக்கு 8 அங்குலம் சின்னதாகத் தெரிந்தது. பழைய சின்ன மோட்டாரே 10 அங்குலத்தைச் சுழற்றியது, இந்தப் பெரிய மோட்டார் சுழற்றாதா என்று பழைய 10 அங்குலத்தையே எடுத்து மாட்டினேன்.

பழைய மோட்டார் அதைச் சுழற்றியது கியரின் உதவியோடு, மெதுவாக. புது மோட்டாரில் கியர் கிடையாது. ப்ரொப்பெல்லரின் விட்டம் கூடினால் அது இழுக்கும் சக்தி விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடும். 8லிருந்து 10க்குப் போவது கால் பங்கு அதிகம் போலத் தெரியும், ஆனால் அதே வேகத்தில் சுழற்ற ஏறக்குறைய 2.4 மடங்கு சக்தி வேண்டும். பின்னாளில் வாட் மீட்டர் வைத்து அளந்தபோது 8×4க்கே 14 ஆம்பியர் போனது. 10 அங்குலத்துக்குக் கணக்கு 30 ஆம்பியரைத் தாண்டும். ஈஎஸ்சி தாங்குவது 20. மேசை மேல் விமானத்தைக் கட்டிவைத்து முழு த்ராட்டில் கொடுத்தேன், ஒரு நிமிடம் ஆவதற்குள் கருகிய நாற்றம், ஈஎஸ்சியின் உறை ஒரு பக்கம் உருகியிருந்தது. அது தரையில் நடந்தது என் அதிர்ஷ்டம். சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், எலிவேட்டரையும் ரடரையும் கம்பி வழியாக அசைக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் மின்சாரம் அந்த ஈஎஸ்சியிலிருந்துதான் போகிறது. வானத்தில் அது கருகியிருந்தால் விமானம் எந்தக் கட்டளைக்கும் காது கொடுக்காமல் எங்கே போய் விழுந்திருக்குமோ. மெதுவாகப் பறக்கும் விமானங்களுக்கான மெல்லிய ஸ்லோ ஃப்ளை வகை ப்ரொப்பெல்லர்கள் அவ்வளவு வேகமான சுழற்சிக்காகச் செய்யப்பட்டவையும் அல்ல. இலை ஒன்று பிய்ந்து பறந்திருந்தால் நான் அதற்கு நேர் எதிரே நின்றிருந்தேன். அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

மோட்டார், பேட்டரி, ப்ரொப்பெல்லர் மூன்றில் எதை மாற்றினாலும் வாட் மீட்டர் இல்லாமல் முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள். பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் மாட்டும் சின்னக் கருவி அது. முழு சார்ஜ் ஆன பேட்டரியோடு, சில நொடிகள் மட்டும் அளந்து பாருங்கள். வரும் ஆம்பியர் ஈஎஸ்சியின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பேட்டரிக்கும் கணக்கு உண்டு: 1300 எம்ஏஎச், 20 சி என்றால் 1.3 பெருக்கல் 20, 26 ஆம்பியர். சி என்பது பேட்டரி தன் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் கொடுக்கலாம் என்ற எண். அட்டையில் எழுதியிருக்கும் சி அளவை அப்படியே நம்பாமல் பாதி, முக்கால் என்று வைத்துக்கொள்வது என் பழக்கம். இரண்டு செல்லிலிருந்து மூன்று செல்லுக்குப் போகும்போது ப்ரொப்பெல்லரை மாற்றாமல் விட்டால் ஆம்பியர் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறும், சக்தி மூன்று மடங்கைத் தாண்டும். செல்லைக் கூட்டினால் ப்ரொப்பெல்லரைக் குறைக்க வேண்டும். பரிசோதனை முடியும்வரை உடம்பும் முகமும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் இருக்கட்டும். சர்வோ, டிரிம் வேலை மட்டும் என்றால் ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது ஈஎஸ்சி வாங்கினேன், இந்தமுறை 8×4 மாட்டினேன். புதிய பேட்டரி 110 கிராம், பழைய அறைக்குள் நுழையவில்லை. இறக்கைக்குக் கீழே ஃபோமை வெட்டி இடம் செய்து அங்கே வைத்தேன். புது மோட்டாரோ பழைய மோட்டாரும் கியரும் சேர்ந்த எடையைவிட லேசு. அதாவது மூக்கில் எடையைக் குறைத்து, பேட்டரியையும் பின்னால் தள்ளி, வாலில் அந்த 18 கிராமை அப்படியே வைத்துக்கொண்டு, 560 கிராம் ஆன விமானத்தோடு மைதானத்துக்குப் போனேன். பின்னால் கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு 275 வாட். சாகசம் செய்யும் விமானங்களுக்கே ஏறக்குறைய 220 போதும். டிரெய்னருக்கு 110 முதல் 150 வரை தாராளம்.

முழு த்ராட்டிலில் எறிந்தேன். கையை விட்டதும் செங்குத்தாக மேலே போனது, தலைகீழாகத் திரும்பியது, முழு வேகத்தில், மோட்டார் ஓடிக்கொண்டிருக்க, எனக்கு இருபது அடி முன்னால் தரையில் குத்தியது. எனக்குக் கை நடுங்கியது. அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் என்ற எண்ணம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. மூக்கு முழுவதும் நொறுங்கிவிட்டது, மோட்டாரின் அச்சு வளைந்துவிட்டது, பேட்டரியின் மூலை நசுங்கியிருந்தது. நசுங்கிய லிப்போவை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது. வெளியே தனியாக மணல் நிரப்பிய வாளியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். பெட்டியை எடுத்து வைக்கும்போது கையேடு கீழே விழுந்து அந்தப் பக்கம் திறந்தது. 5 சென்டிமீட்டர் என்ற வரி. தம்பி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் இதுபற்றி எதுவும் படித்தவன் இல்லை, அவன் கைக்குத் தெரிந்திருந்தது. இறக்கைக்குக் கீழே 5 சென்டிமீட்டரில் இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தூக்கினேன். வால் தொப்பென்று கீழே போனது. எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. மூன்று மாதமாக நான் தேடிய பதில், ஒரு நிமிடம்கூட ஆகாத ஒரு சோதனையில் இருந்தது.

அங்கிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். நான் செய்த வரிசையையே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையில் வரிசை ரொம்ப முக்கியம்.

முதலில் நேர் பார்த்தல். விமானத்தை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். இடது இறக்கையின் பின்விளிம்பு நுனியில் 4 மில்லிமீட்டர் மேலே முறுக்கியிருந்தது. அதனால் அந்தப் பக்கம் தூக்கும் விசை குறைவு. எப்போதும் இடது பக்கமே சரிந்ததற்குக் காரணம் அது. இறக்கையைச் சுவரில் சாய்த்து வைத்ததாலோ என்னவோ வந்திருக்கிறது. ஹேர் டிரையரால் மெதுவாகச் சூடாக்கி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக முறுக்கி, ஆறும்வரை அப்படியே பிடித்தேன். மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது. அவசரப்பட்டு அதிகம் சூடாக்கினால் ஃபோம் கொப்பளித்துவிடும்.

அப்புறம் சர்வோ. டிரான்ஸ்மிட்டரில் டிரிம் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, சர்வோவின் கை கம்பிக்குச் செங்கோணத்தில் இருக்கும்படி மாட்டி, எலிவேட்டர் நேராக நிற்கும்வரை கம்பியின் நீளத்தைச் சரிசெய்தேன். டிரிமைப் பறக்கும்போது தேவைப்படும் சின்னத் திருத்தத்துக்காக விட்டுவைக்க வேண்டும். என் எலிவேட்டர் கம்பியின் ஓட்டை தளர்ந்து, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றதையும் அப்போதுதான் பார்த்தேன். கம்பி நடுவில் வளைந்து கொடுத்தது, அதற்கு ஒரு ஸ்ட்ரா துண்டை ஒட்டித் தாங்கல் வைத்தேன். எலிவேட்டர் அசைவு அதிகமாக இருந்தால் கை பழகாதவருக்கு விமானம் துள்ளும். சர்வோ கையில் உள் ஓட்டைக்கும், எலிவேட்டரில் கம்பி மாட்டும் கொம்பில் வெளி ஓட்டைக்கும் கம்பியை மாற்றினால் அசைவு குறையும். மேலும் கீழும் 8 மில்லிமீட்டர் என்று வைத்தேன். டிரான்ஸ்மிட்டரில் எக்ஸ்போ வசதி இருந்தால் 30 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்டிக்கை நடுவில் கொஞ்சம் அசைக்கும்போது விமானம் மென்மையாகத் திரும்பும்.

மூன்றாவதுதான் சிஜி. வாலில் இருந்த பசையை எல்லாம் கத்தியால் சுரண்டி எடுத்து எப்பாக்சியில் மறுபடி ஒட்டினேன். 18 கிராம் 5 கிராம் ஆனது. பழைய கியர் மோட்டாரை அலமாரியில் வைத்திருந்தேன், அதையே திரும்பப் பொருத்தினேன். பேட்டரியை முன்னால் தள்ளி, வெல்க்ரோவால் கட்டினேன், நகரவே கூடாது. பறந்துகொண்டிருக்கும்போது பேட்டரி நகர்ந்தால் சிஜியும் கூடவே நகரும். விரலில் தாங்கிப் பார்த்தபோது மூக்கு லேசாகக் கீழே சாய்ந்தது. பேட்டரி சரியாக எங்கே இருக்க வேண்டுமோ அங்கே பேனாவால் கோடு போட்டுவைத்தேன்.

ஆர்வத்துக்காகப் பழைய மோட்டாரையும் வாட் மீட்டரில் அளந்தேன். 58 வாட். விமானம் இப்போது 440 கிராம். கிலோவுக்கு 132 வாட். டிரெய்னருக்குத் தேவையான அளவு முதல் நாளிலிருந்தே அதில் இருந்தது. சக்தி போதவில்லை என்று நான் கழற்றிப் போட்ட மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை. அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்தது கிளைடு சோதனை. புல் உயரமாக இருக்கும் இடத்தில், காற்று இல்லாத காலை நேரத்தில், மோட்டாரை ஓட்டாமல், மூக்கைத் தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து, ஈட்டி எறிவதுபோல நேராகத் தள்ளிவிட வேண்டும், மேலே எறியக் கூடாது. சீராக இறங்கிப் புல்லில் வழுக்கினால் சரி. மூக்கைத் தூக்கி நின்று விழுந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள், குத்திக்கொண்டு இறங்கினால் கொஞ்சம் பின்னால். பத்துப் பதினைந்து முறை எறிந்தேன். இந்த ஒரு சோதனையை முதல் மாதமே செய்திருந்தால் மீதி எதுவும் நடந்திருக்காது.

ஒவ்வொரு முறையும் எறிவதற்கு முன் இரண்டு விஷயம். விமானத்துக்குப் பின்னால் நின்று ஸ்டிக்கை இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும், வலது தள்ளினால் ரடரின் பின்விளிம்பு வலது போக வேண்டும். கம்பியை மாற்றிய அன்று என் எலிவேட்டர் தலைகீழாக அசைந்தது, சர்வோ ரிவர்ஸ் பட்டன் மாறியிருந்தது. எறிவதற்கு ஒரு நிமிடம் முன் கண்ணில் பட்டது. இரண்டாவது, டிரான்ஸ்மிட்டரின் ரேஞ்ச் சோதனைப் பட்டனை அழுத்திக்கொண்டு முப்பது அடி எடுத்து வைத்து நடந்து பாருங்கள், சர்வோக்கள் தடுமாறாமல் அசைய வேண்டும். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃபையும் வைத்துவிடுங்கள்.

அப்புறம் மோட்டாரோடு. எறிந்ததும் தடுமாறாமல், சாதாரணமாக, மெதுவாக ஏறியது. ஒன்பது நிமிடம் பறந்தது. பெருமூச்சு விடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முழு த்ராட்டில் கொடுத்தால் மட்டும் மூக்கு கொஞ்சம் வேகமாக எழுந்தது, இடது பக்கம் சாய்ந்தது. இது மேல் இறக்கை விமானங்களில் வழக்கமானது. இறக்கை மேலே இருப்பதால் காற்று பின்னால் இழுக்கும் விசை மோட்டார் கோட்டுக்கு மேலே விழுகிறது, வேகம் கூடும்போது தூக்கும் விசையும் கூடுகிறது. அதற்கு மோட்டாரை 2, 3 டிகிரி கீழ்நோக்கியும் 1, 2 டிகிரி வலப்பக்கமும் சாய்த்துப் பொருத்துவார்கள். மூக்கு நொறுங்கியபோது நான் புதிதாகச் செய்த மவுண்டில் (மோட்டாரைத் திருகும் பலகையில்) அந்தச் சாய்வே இல்லை. மவுண்டின் மேல் இரண்டு திருகுகளுக்குப் பின்னால் 1 மில்லிமீட்டர் வாஷர் வைத்தேன். திருகுகளுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் இருந்தால் அது 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வரும். சோதிக்க, பாதி த்ராட்டிலில் நேராகப் பறக்கவிட்டு, திடீரென்று முழுவதும் கொடுத்துப் பாருங்கள். மெதுவாக ஏறத் தொடங்க வேண்டும், பாய்ந்து எழக் கூடாது. சிஜி சரியாகாமல் இதைத் தொட்டால் எது எதனால் என்று தெரியாமல் போய்விடும்.

சிஜியைக் கடைசியாக நுணுக்கமாகப் பார்க்க டைவ் சோதனை. நல்ல உயரத்தில் த்ராட்டிலை மூடி, 45 டிகிரியில் மூக்கைக் கீழே சாய்த்து ஸ்டிக்கை விட்டுவிடுங்கள். வேகமாகத் தானே நிமிர்ந்தால் மூக்கு கனம், இன்னும் உள்ளே மடங்கினால் வால் கனம், உடனே மீட்டுவிடுங்கள். நேராகப் போய் மெதுவாக நிமிர்ந்தால் போதும். என்னுடையது கொஞ்சம் சீக்கிரமே நிமிர்கிறது. பழகும்வரை அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேட்டரி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் இன்னொன்றையும் இழந்தேன். ஈஎஸ்சியின் பேட்டரி வகை அமைப்பு நிக்கல் பேட்டரிக்கு என்று இருந்தது. அதனால் லிப்போ வடிந்துபோகும்போது மோட்டார் நிற்கவே இல்லை, நான் மேசையில் மோட்டாரை ஓட்டிச் சோதித்துக்கொண்டே இருந்தேன், ஒரு செல் 3 வோல்ட்டுக்கும் கீழே போய் உப்பிவிட்டது. ஒரு செல் முழு சார்ஜில் 4.2, வைத்திருக்கும்போது 3.8, எந்த நிலையிலும் 3க்குக் கீழே போகக் கூடாது. முழு சார்ஜோடு வாரக்கணக்கில் விடாதீர்கள். சார்ஜ் போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், தூங்கவும் போகாதீர்கள்.

மாற்றங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இறக்கையின் அடியில் 3 மில்லிமீட்டர் கார்பன் குழாய் ஒன்றைப் பதித்தேன், இறக்கை வளைவது நின்றது, எடை சில கிராம். வயிற்றில் அகலமான டேப் ஒட்டினேன், புல்லில் இறக்குவதற்காகச் சக்கரங்களைக் கழற்றினேன். இறக்கையின் அடிப்பக்கம் கறுப்புப் பட்டைகள் ஒட்டினேன். தூரத்தில் விமானம் வருகிறதா போகிறதா, நிமிர்ந்திருக்கிறதா கவிழ்ந்திருக்கிறதா என்று அந்தப் பட்டையால்தான் தெரிகிறது. நான் செலவழித்ததில் மிக மலிவானது அந்தப் பட்டைதான், அதிகம் உதவியதும் அதுதான். ஒவ்வொன்றையும் செய்த பிறகு தராசில் ஏற்றினேன், விரலில் தாங்கினேன், நோட்டில் எழுதினேன். எடையைக் கவனிப்பதற்குக் காரணம் உண்டு. 430லிருந்து 560 கிராம் ஆனபோது என் விமானம் விழாமல் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 14 சதவீதம் ஏறியிருந்தது. புதிதாகக் கற்பவருக்கு அந்த வேகத்தில் கை ஓடாது.

இப்போது அந்தப் பிரஷ்லெஸ் மோட்டார் புது அச்சோடு அலமாரியில் இருக்கிறது. இறக்கையில் எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பட்டை) வெட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெட்டினால் மேலே எழும் அசைவு கீழே இறங்குவதைவிட அதிகமாக இருக்கும்படி வைக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பும்போது மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். அதற்கு முன் இப்போதிருக்கும் அமைப்பிலேயே இருபது முறை உடையாமல் இறக்கிவிட வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். நேற்றோடு பதினான்கு. நேற்று விமானத்தை எறிந்தது தம்பிதான். எறிவதற்கு முன் அதைக் கையில் தூக்கி, கண்ணை மூடி எடை பார்த்துவிட்டு, "இப்ப சரியா இருக்குண்ணா" என்றான்.